டிரையர் சத்தம் போடுதா? புது மெஷின் விலை பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, இன்கம் டாக்ஸும் இல்லை. வாஷிங் மெஷின் டிரையர். "சிஏ படிச்சவருக்கு டிரையர்ல என்ன வேலை?"ன்னு நீங்க கேட்கலாம். ஒரு நடுத்தரக் குடும்பத்துல திட்டமே போடாம 12,000 ரூபாய் செலவு எப்படி வருதுன்னு பார்த்தா, பாதி நேரம் இந்த மாதிரி ஒரு சத்தத்துலதான் ஆரம்பிக்குது. சத்தம் வருது, பயம் வருது, கடைக்காரர் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் சொல்றார், இஎம்ஐ போடறோம். நடுவுல யாரும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழட்டிப் பார்க்கலை.

நான் சொல்றது செமி ஆட்டோமேட்டிக் மெஷின்ல, துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிற டிரையர். வெளிநாட்டு வீடுகள்ல இருக்கிற, சூடான காத்து அடிச்சுக் காய வைக்கிற டிரையர் வேற ஜாதி. நம்ம டிரையர் துணியைக் காய வைக்கிறது இல்லை. வேகமா சுத்தித் தண்ணியை உதறித் தள்ளுது, அவ்வளவுதான். ஆனா அந்த வேகம் சாதாரணம் இல்லை. பெரும்பாலான மாடல்கள்ல நிமிஷத்துக்கு 1,300 சுற்றை ஒட்டி வரும். அந்த வேகத்துல ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலே மெஷின் நடந்து போக ஆரம்பிச்சிடும்.

ஒரு எச்சரிக்கை. உங்க மெஷின் இன்னும் வாரண்டியில இருந்தா பின் மூடியைக் கழட்டவே கழட்டாதீங்க. வெளியாள் கை வச்சதுன்னு சொல்லி வாரண்டியை மறுக்க அது ஒரு காரணமாயிடும். மெஷினுக்கு வாரண்டி முடிஞ்சிருந்தாலும், மோட்டாருக்கு மட்டும் தனியா கூடுதல் வருஷம் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கு. பில்லையும் வாரண்டி கார்டையும் முதல்ல தேடி எடுங்க. அதுவே பல பேருக்கு ஆயிரக்கணக்குல மிச்சம்.

உள்ள என்னதான் இருக்கு?

இதைப் புரிஞ்சுக்கிட்டா சத்தத்தோட அர்த்தம் தானா புரியும். துணி போடற ஓட்டைக் கூடை. அதைச் சுத்தி வெளித்தொட்டி. கூடையோட அடியில இருந்து ஒரு தண்டு கீழே இறங்கி, வெளித்தொட்டியில இருக்கிற ரப்பர் சீல் வழியா போய், கப்ளிங் மூலமா மோட்டாரோட சேருது. மோட்டார் நேரா தரையில உட்காரலை. மூணு ஸ்பிரிங் மேல, ரப்பரோட, ஊஞ்சல் மாதிரி உட்கார்ந்திருக்கு. கப்ளிங்கை ஒட்டி ஒரு சின்ன பிரேக் கட்டை. அந்த பிரேக்ல இருந்து ஒரு வயர் மேல டிரையர் மூடி வரைக்கும் வருது. மூடியை மூடினா வயர் பிரேக்கை இழுத்து விடுவிக்கும், கூடை சுத்தும். மூடியைத் திறந்தா கரண்டும் நிக்கும், பிரேக்கும் பிடிக்கும்.

அதனால பிளக்கைப் பிடுங்கிட்டு, மூடியைத் திறந்து, கையால கூடையைச் சுத்திப் பார்த்து "ஐயோ, டைட்டா இருக்கே, ஜாம் ஆயிடுச்சு"ன்னு பயப்பட வேண்டாம். மூடி திறந்திருக்கும்போது அது டைட்டாத்தான் இருக்கணும். மாறா, ஓடிக்கிட்டு இருக்கும்போது மூடியைத் திறந்ததும் கூடை சில விநாடிக்குள்ள நிக்காம பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருந்தா, அதுதான் பழுது. சத்தமே வராத பழுது, ஆனா இருக்கிறதுலயே ஆபத்தானது. குழந்தைங்க கை விடற வீடா இருந்தா அன்னைக்கே டிரையரை ஓட்டறதை நிறுத்துங்க.

இனி சத்தம். முதல் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. துணியெல்லாம் எடுத்துட்டு, வெறும் கூடையை ஒரு நிமிஷம் ஓட விடுங்க. சத்தம் போயிடுச்சுன்னா தப்பு மெஷின் மேல இல்லை, துணி போட்ட விதத்துலதான். ஒரே ஒரு ஜீன்ஸ், ஒரே ஒரு பெட்ஷீட், நனைஞ்ச மிதியடி, இதெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். துணியைச் சுருட்டிக் கூடையைச் சுத்திச் சமமா அடுக்கி, மேல அந்த பிளாஸ்டிக் அமுக்கு மூடியை வச்சு ஓட்டுங்க. அந்த மூடியைத் தொலைக்காத வீடு நான் பார்த்ததில்லை! அது இல்லைன்னா கர்ச்சீப், சாக்ஸ் எல்லாம் மேல எழும்பி, கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவுல விழும். போய்த் தண்டுல சுத்திக்கும். அப்புறம் மோட்டார் முனகும், வேகம் வராது. அந்த மூடி ஸ்பேர் கடையில தனியாவே கிடைக்கும்.

வெறும் கூடையிலயும் சத்தம் வருதுன்னா, பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை அணைச்சாப் போதாது, பிளக்கையே எடுக்கணும். ஈரத் தரையில நிக்காதீங்க.

கிளிங், கட கடன்னு வந்தா காசு, ஊக்கு, பட்டன், ஹேர்பின். டார்ச் அடிச்சுக் கூடைக்கும் தொட்டிக்கும் நடுவுல பாருங்க. ஐஸ்கிரீம் குச்சி முனையில டேப் ஒட்டி எடுத்துடலாம்.

தட் தட்னு தொட்டியில இடிச்சு, மெஷினே குதிச்சா, மூணு இடம் பார்க்கணும். ஒண்ணு, மெஷின் நிக்கிற தளம். பாத்ரூம் தரை தண்ணி ஓடறதுக்காகச் சரிவாத்தான் இருக்கும். அட்டையை மடிச்சு முட்டுக் கொடுக்கிறது ரெண்டு நாள்ல ஊறிப் போகும், ரப்பர் பேட் வாங்கி வைங்க. ரெண்டு, சக்கரம் வச்ச ஸ்டாண்டு. மூணு, ஸ்பிரிங். கூடையோட விளிம்பை ஒரு பக்கம் மெதுவா அழுத்தி விடுங்க. அது தானா நடுவுக்கு வந்து நிக்கணும். வெளித்தொட்டிக்கும் கூடைக்கும் இடையில எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி இருக்கணும். ஒரு பக்கமா சாய்ஞ்சு நின்னா ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு, இல்லை ரப்பர் நழுவியிருக்கு. இது சின்னச் செலவுதான். ஆனா அப்படியே ஓட்டினா தண்டு வளையும், சீல் கிழியும்.

கீச்சுனு, வேகம் ஏற ஏற உச்சஸ்தாயிக்குப் போற சத்தம் சீல் பக்கம். தண்டு சீலுக்குள்ள காய்ஞ்சு உரசுது. போர் தண்ணி உப்பு படிஞ்ச வீடுகள்ல இதைப் பார்க்கலாம். இந்த சத்தத்தை மட்டும் தள்ளிப் போடாதீங்க, ஏன்னா சீலுக்கு நேர் கீழே இருக்கிறது மோட்டார். சீல் விட்டா தண்ணி சொட்டுச் சொட்டா மோட்டார் மேல இறங்கும். இன்னைக்கு இருநூறு, முந்நூறு ரூபாய்ல மாத்தற ரப்பருக்காக அடுத்த மழைக்காலத்துல மோட்டாரையே மாத்துவீங்க. டிரையர் ஓடினப்புறம் மெஷினுக்கு அடியில, வடிகால் பைப் பக்கம் இல்லாத இடத்துல, தண்ணி தேங்கி இருக்கான்னு பாருங்க. இருந்தா சீல்தான் முதல் சந்தேகம்.

தேங்காய் எண்ணெய் ஊத்தாதீங்க. நம்ம ஊர்ல எந்த இயந்திரம் கத்தினாலும் கைக்கு முதல்ல வர்றது அதுதான். ரெண்டு நாள் சத்தம் அடங்கும், அப்புறம் அழுக்கோட சேர்ந்து பிசினாகும். அதைவிட மோசம், எண்ணெய் கீழே வடிஞ்சு பிரேக் கட்டையில பட்டா பிரேக் பிடிக்காது. மேல சொன்ன அந்த சத்தமில்லாத பழுதை நாமே உண்டாக்கின மாதிரி ஆகும்.

கர்ர்னு உரசல், கூடவே ரப்பர் கருகற வாசனை, கூடை பழைய வேகம் வரலை, துணி சொதசொதன்னு வெளிய வருது. இது பிரேக். வயர் நீண்டு தொய்ஞ்சு போனதால, மூடி மூடியிருந்தும் பிரேக் முழுசா விடலை. ஹேண்ட்பிரேக்கை எடுக்காம கார் ஓட்டற கதை. மோட்டார் சூடாகும், சூடானதும் பாதுகாப்புக்காக தானா நின்னுடும், ஆறினதும் மறுபடி ஓடும். இதைப் பார்த்துட்டுத்தான் பல பேர் "மோட்டார் அவுட்"ன்னு முடிவு கட்டறாங்க. உறுதி பண்ண, பிளக்கைப் பிடுங்கிட்டு பின் மூடியைக் கழட்டி, இன்னொருத்தரை மேல டிரையர் மூடியை மூடச் சொல்லுங்க. அப்போ பிரேக் கட்டை கப்ளிங்கை விட்டு விலகணும். விலகலைன்னா வயரை இழுத்துக் கட்டணும், அவ்வளவுதான்.

ம்ம்ம்னு முனகல் மட்டும், கூடை அசையலை. துணி சிக்கியிருக்கா, பிரேக் விடுதான்னு பார்த்தாச்சு, ரெண்டும் சரின்னா கெப்பாசிட்டர் மேல சந்தேகம். இதுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பொருள் விலை குறைவு, ஆனா பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர் கரண்டைத் தேக்கி வச்சிருக்கும். நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் போய் ஷாக் வாங்க வேண்டாம்.

எலியை மறந்துட்டேனே. இந்த மெஷின்களுக்கு அடிப்பக்கம் திறந்து கிடக்கும். எலி உள்ள போய் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். சத்தத்தோட காரணம் தேங்காய் நாரும் பேப்பர் துண்டுமா இருந்ததை நேர்ல பார்த்திருக்கேன். அடியில மாட்டற எலித் தட்டு தனியா கிடைக்குது.

எழுத்துல "கீச்", "கர்ர்"னு எவ்வளவுதான் சொன்னாலும் ஒரு அளவுக்குத்தான் புரியும். வீடியோவுல ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியா ஓட விட்டிருக்கேன், உங்க மெஷினோட ஒப்பிட்டுப் பாருங்க.

மோட்டாரா, மெஷினா, இஎம்ஐயா?

திண்டுக்கல்ல என் சித்தி வீட்டு மெஷின் ஏழு வருஷம் ஆனது. சித்தி வீட்டுலயே தையல் வேலை செய்றாங்க. மாச வருமானம் ஒரு மாதிரி இருக்காது, தீபாவளிக்கு முன்னாடி நல்லா வரும், ஆனி ஆடியில படுத்துடும். டிரையர்ல உரசல் சத்தம், கருகல் வாசனை. வந்து பார்த்தவர் பின் மூடியைக்கூடத் திறக்கலை. மோட்டார் மாத்தணும், கூலியோட 3,200 ஆகும்னு சொல்லிட்டு, பார்த்ததுக்கு 350 வாங்கிட்டுப் போயிட்டார். "மோட்டாரே போயிருச்சாம்பா. அதுக்கு மூவாயிரம் போடறதுக்குப் புதுசே வாங்கிரலாம்னு பையன் சொல்றான்"னு சித்தி போன் பண்ணாங்க. கடையில 12,500 ரூபாய் மெஷின் பார்த்து வச்சிருந்தாங்க. பழசை எடுத்துக்கிட்டா 1,000 கழிவு. தம்பியோட கிரெடிட் கார்டுல 9 மாச "நோ காஸ்ட் இஎம்ஐ".

இதுல மூணு கேள்வி இருக்கு, மூணையும் தனித்தனியா பார்க்கணும்.

முதல் கேள்வி, பழுது உண்மையிலேயே மோட்டார்தானா? சத்தத்தையும் வாசனையையும் சொன்னதுமே பிரேக்னு தோணிச்சு. அந்தத் தெருவுலயே இருக்கிற ஒரு மெக்கானிக்கை வரவழைச்சு, "மூடியை மூடி பிரேக் விடுதான்னு மட்டும் முதல்ல பாருங்கண்ணே"ன்னு சித்தியைச் சொல்லச் சொன்னேன். விடலை. வயரை இழுத்துக் கட்டி, தேய்ஞ்ச கட்டையை மாத்தி, மொத்தம் 400 ரூபாய். பார்க்க வந்த முதல் ஆளுக்குக் கொடுத்த 350-ஐயும் சேர்த்தா 750.

ரெண்டாவது கேள்வி, ஒருவேளை மோட்டாரே போயிருந்தா? இங்கதான் என் தொழில் வருது. "பழைய மெஷினுக்கு 3,200 செலவு பண்றதா?"ன்னு கேட்கிறது தப்பான கேள்வி. பழைய மெஷினை ஏழு வருஷம் முன்னாடி எவ்வளவுக்கு வாங்கினீங்கங்கிறது இந்த முடிவுக்குத் தேவையே இல்லை. அந்தக் காசு போனது போனதுதான். கேட்க வேண்டியது, இந்த 3,200 எனக்கு இன்னும் எத்தனை வருஷம் வாங்கித் தரும்? மூணு வருஷம்னா வருஷத்துக்கு 1,067. புதுசுக்குக் கழிவு போக 11,500, எட்டு வருஷம் ஓடும்னு வச்சுக்குவோம், வருஷத்துக்கு 1,438. ரிப்பேர் ஜெயிக்குது. ஆனா ரெண்டே வருஷம்தான் தாங்கும்னா ரிப்பேர் 1,600, புதுசு ஜெயிக்குது.

ஆக, முடிவு விலையில இல்லை, மீதி வருஷத்துல இருக்கு. அதை எப்படிக் கணிக்கிறது? அடிப்பாகத்து பிளாஸ்டிக்ல விரிசல் இருக்கா, குறிப்பா மோட்டார் ஸ்பிரிங் உட்கார்ற இடத்துல? தகர பாடின்னா கீழ் விளிம்பு துருப்பிடிச்சு உதிருதா? துவைக்கிற பக்கம் தண்ணி ஒழுகுதா? டைமர் சிக்குதா? இதுல ரெண்டுக்கு ஆமான்னு பதில் வந்தா நான் மோட்டார் போட மாட்டேன். எல்லாத்துக்கும் இல்லைன்னா பத்து வருஷ மெஷினுக்கும் போடுவேன். சர்வீஸ் ஆள்கிட்ட "சார், இதை மாத்தினா எத்தனை வருஷம் ஓடும்?"னு கேட்கிறதைவிட, "அடுத்து எது போகும்?"னு கேளுங்க. பதில் நேர்மையா வரும்.

மூணாவது கேள்வி அந்த இஎம்ஐ. கிரெடிட் கார்டு நோ காஸ்ட் இஎம்ஐல வட்டி இல்லாம இல்லை. வட்டி அளவுக்கு முன்கூட்டியே தள்ளுபடி கொடுத்து, அதையே வட்டியா திருப்பி வசூலிக்கிறாங்க. 12,500-ஐ 9 மாசத்துக்கு 15% வட்டியில போட்டா உள்ள இருக்கிற வட்டி சுமார் 750 ரூபாய். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அதாவது 135 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸ் 199-ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 370 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனா மாசம் 1,389 ரூபாய், ஒன்பது மாசம், அதுல ஆனியும் ஆடியும் ஸ்கூல் ஃபீஸும் வருது. சித்தி மாதிரி வருமானம் ஏறி இறங்கற வீட்டுக்கு எனக்குக் கவலை அந்த 370 இல்லை. ஒரு மாசம் கார்டு பில்லை முழுசா கட்ட முடியாமப் போனா ஓடற வட்டி வருஷத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதுதான் கவலை.

எக்ஸ்டெண்டட் வாரண்டி பற்றியும் கேட்பீங்க. சுருக்கமா: செமி ஆட்டோமேட்டிக்கு நான் எடுக்க மாட்டேன். மேல சொன்ன சீல், பிரேக் கட்டை, ஸ்பிரிங் ரப்பர் எல்லாம் தேய்மானப் பொருள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பொருந்தாதுன்னு நிபந்தனையில எழுதியிருக்கான்னு படிச்சுப் பாருங்க. எழுதியிருந்தா, எது முதல்ல போகுமோ அதுக்குத்தான் காப்பு இல்லை.

ஆளைக் கூப்பிடும்போது

நம்பரை கூகுள்ல தேடாதீங்க. கம்பெனி கஸ்டமர் கேர்னு போலி நம்பர் போட்டு வச்சிருக்கிற கும்பல் நிறைய. வாரண்டி கார்டுலயோ, மெஷின் மேல ஒட்டின ஸ்டிக்கர்லயோ, கம்பெனியோட சொந்த இணையதளத்துலயோ இருக்கிற நம்பர் மட்டும்தான். "பதிவுக் கட்டணம் 10 ரூபாய் அனுப்புங்க, இந்த ஆப்பை இறக்குங்க"ன்னா அப்பவே கட் பண்ணுங்க. பணம் திரும்பி வர யுபிஐ பின் எப்பவுமே தேவையில்லை.

வந்து பார்க்கிற சார்ஜ் எவ்வளவு, ரிப்பேர் பண்ணினா அதைக் கழிப்பாங்களா, ரெண்டையும் போன்லயே கேட்டுடுங்க. சத்தத்தை செல்போன்ல பதிவு பண்ணி வைங்க, ஆள் வந்ததும் மெஷின் சாதுவா ஓடும்! மாத்தின பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கோங்க. அதைக் கேட்பீங்கன்னு முன்னாடியே சொன்னாலே போதும், தேவையில்லாம மாத்தற பாகத்தோட எண்ணிக்கை குறையும்.

பில்லுல பாகத்தோட பேரு, அதுக்கான வாரண்டி நாள், கூலி தனியா இருக்கணும். 18% ஜிஎஸ்டின்னு போட்டிருந்தா பில்லுல ஜிஎஸ்டி பதிவு எண் அச்சிட்டிருக்கான்னு பாருங்க. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. காம்போசிஷன் திட்டத்துல இருக்கிறவரும் உங்ககிட்ட தனியா வரி வாங்கக் கூடாது. தெருமுனை மெக்கானிக்கிட்ட ஜிஎஸ்டி பில் எதிர்பார்க்காதீங்க, சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருந்தா பொதுவா அவருக்குப் பதிவே தேவையில்லை. ஒரு துண்டுச் சீட்டுல கையெழுத்தோட எழுதி வாங்கினாலும் போதும்.

காசு வாங்கிட்டு சரி பண்ணலை, அல்லது மாத்தாத பாகத்துக்கு பில் போட்டாங்கன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுல தீரலைன்னா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினைக்குரிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. மனுவோட பில், பணம் அனுப்பினதுக்கான யுபிஐ ஸ்கிரீன்ஷாட், வாங்கி வச்ச பழைய பாகத்தோட போட்டோ, இந்த மூணையும் சேர்த்து வைங்க.